நின்றுகொண்டிருந்தவள்



சென்ற அக்டோபர் மாதத்தில் நானும் என் அக்காவும் ரோமாபுரிக்குச் சென்று வந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். திரும்பி வந்தபின், ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போதெல்லாம், "பயணம் எப்படி இருந்தது, அம்மா?" என்று அன்போடு கேட்டீர்கள். "தேவகிருபையால் நன்றாக இருந்தது" என்று சொல்லி, கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் முழுமையானதும் அன்று. படங்களில் இல்லாத ஒரு காரியத்தை இந்த வாரம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று உள்ளத்தில் ஏவப்படுகிறேன். எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. ஏனெனில் இதில் குறைவுள்ளவளாகக் காணப்பட்டவள் நான்தான்.

எங்கள் தாயார் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில், பவுல் அப்போஸ்தலரின் பிரயாணங்களைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்று தொங்கும். அம்மாவின் விரல் அந்தியோகியாவிலிருந்து புறப்பட்டு, எபேசு, பிலிப்பி, கொரிந்து என்று ஊர் ஊராக நகர்ந்து, கப்பல் உடைந்த மெலித்தா தீவைக் கடந்து, கடைசியில் ரோமாபுரியில் வந்து நிற்கும். "இதற்கு அப்புறம் கோடு இல்லை" என்பார்கள். அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அம்மா தம் வாழ்நாளின் இறுதி ஆறு ஆண்டுகளைப் பக்கவாதத்தால் படுக்கையில் கழித்தார்கள். அத்தான் மறைந்தபின் அம்மாவோடு வந்து தங்கியிருந்த அக்கா, பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, அந்த ஆறு ஆண்டுகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டாள். நான் மாதம் ஒருமுறை செல்வேன். அம்மாவின் கையைப் பிடித்து ஜெபிப்பேன். மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவேன். ஊழியம் இருந்தது.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த இரவில், சபையார் ஒருவருடைய தாயாரின் மருத்துவமனைப் படுக்கையருகே நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். அக்கா ஏழு முறை அழைத்திருந்தாள் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. நாங்கள் சண்டையிட்டவர்கள் அல்லர். பண்டிகைகளில் சந்தித்தோம், சிரித்தோம், ஒருவருக்கொருவர் புடவை எடுத்துக் கொடுத்தோம். ஆனால் எங்கள் நடுவில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. இருவரும் அதைச் சுற்றி நடந்தோம்.

அம்மாவின் அஞ்சலகச் சேமிப்பில் ஒரு தொகை இருந்தது. நாக்குக் குழறத் தொடங்கிய நாட்களிலேயே அவர்கள் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்: "இது பாகம் பிரிக்கிற பணம் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கோடு முடிகிற ஊருக்குப் போய்விட்டு வாருங்கள்." தொகை போதவில்லை; மீதியை இருவரும் போட்டோம். இப்படியாக, 66 வயதான அக்காவும் 58 வயதான நானும் முதன்முறையாக வெளிநாட்டுக்குப் புறப்பட்டோம்.

தொல்லைகள் சென்னை விமான நிலையத்திலேயே தொடங்கின. அம்மாவின் பக்குவத்தில் போட்ட மாங்காய் ஊறுகாயை அக்கா கைப்பையில் வைத்திருந்தாள். எண்ணெய் மிதக்கும் பாட்டிலை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சோதனைச் சாவடியில் எடுத்துவிட்டார்கள். நல்லவேளையாக, பருப்புப்பொடி பெரிய பெட்டிக்குள் போயிருந்தது. ரோம் போய்ச் சேரும்வரை அவள் அந்த ஊறுகாய்க்காகத் துக்கம் கொண்டாடினாள். "ஒரு வாரம் ஊறுகாய் இல்லாமல் இருந்தால் என்ன?" என்று நான் கேட்டது தவறு. "உனக்கு எது இல்லாமலும் இருக்கத் தெரியும், ஆயரம்மா" என்றாள். என்மேல் கோபம் வந்தால் அக்கா என்னை ஆயரம்மா என்றுதான் அழைப்பாள்.

தெர்மினி என்னும் பெரிய ரயில் நிலையத்துக்கு அருகே, கன்னியாஸ்திரீகள் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் தங்கினோம். சிறிய அறை, இரண்டு கட்டில்கள், இரவு பதினொரு மணிக்குப் பூட்டப்படும் வாசல். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே அறையில் உறங்கினோம். அக்கா குறட்டை விடுவாள் என்பதை மறந்திருந்தேன். நான் தூக்கத்தில் பேசுவேன் என்பதை அவள் மறக்கவில்லை. "ராத்திரி முழுக்க யாருக்கோ ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தாய்" என்றாள்.

மறுநாள் காலையில், உலகம் தெரிந்தவளைப்போல ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்து, "இரண்டு லாட்டே" என்று கேட்டேன். இரண்டு டம்ளர்களில் வெறும் பால் வந்தது. இத்தாலிய மொழியில் லாட்டே என்றால் பால் என்றுதான் பொருள்; காப்பி வேண்டுமானால் காப்பி என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் வெட்கப்பட்டேன். அக்காவோ, "நல்ல பால், சர்க்கரை மட்டும் போதவில்லை" என்று சொல்லி இரண்டையும் குடித்துவிட்டாள். அந்த ஊரில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

அதன்பின் பேருந்து. ஒன்றரை யூரோ சீட்டு ஒன்று 100 நிமிடங்களுக்குச் செல்லும். கடையில் சீட்டு வாங்கினோம். ஆனால் பேருந்தில் ஏறியதும் அங்குள்ள கருவியில் அதை முத்திரையிட வேண்டும் என்பதை அறியாமல் போனோம். பரிசோதகர் வந்தார். முத்திரையில்லாத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்றுக்கொடுத்தவள், பேருந்து முழுவதும் பார்க்க, சுருக்குப்பையைத் திறந்து அபராதம் கட்டினாள். இறங்கியபின் சிறிது தூரம் பேசாமல் நடந்தவள், திடீரென்று சாலையோரத்தில் நின்று சிரிக்கத் தொடங்கினாள். "ஆயரம்மா சீட்டில்லாமல் பயணம் செய்து பிடிபட்டார் என்று உன் சபையில் சொல்லட்டுமா?" என்றாள். இனி அவள் சொல்ல வேண்டியதில்லை; நானே சொல்லிவிட்டேன். அன்று முதல் நாள் முழுவதும் செல்லும் சீட்டையே வாங்கினோம்.

ரோமாபுரியின் தெருக்களில் கறுப்புக் கற்களைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் நடந்து அக்காவின் செருப்பு வார் அறுந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வாரைப் பிணைத்து, மேலும் இரண்டு நாட்கள் அதே செருப்பில் நடந்தாள். வழியெங்கும் தெருக்குழாய்கள் நிற்கின்றன. 1874ஆம் ஆண்டு முதல் வைக்கப்பட்ட இரும்புக் குழாய்கள் அவை. நகரத்தில் சுமார் 2,500 இருக்கின்றன. வளைந்த மூக்குப் போன்ற அமைப்பினால் பெரிய மூக்கு என்றே அவற்றுக்குப் பெயர். குளிர்ந்த, குடிக்கத் தகுந்த நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் பீறிட்டு எழும், குனியாமல் குடிக்கலாம். ஒரு சிறுவன் அப்படிக் குடிப்பதைப் பார்த்து அக்கா செய்து பார்த்தாள். நீர் என் முகத்திலும் கண்ணாடியிலும் பாய்ந்தது. தெருவில் நின்று இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அம்மா இறந்தபின் நாங்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்புகள் இவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தா புதென்சியானா என்னும் ஆலயத்துக்குச் சென்றோம். தெருமட்டத்திலிருந்து படிகள் இறங்கித்தான் அதற்குள் செல்ல வேண்டும். பதினாறு நூற்றாண்டுகளில் நகரம் தன்மேல் தானே மண்மூடி உயர்ந்துவிட்டது. பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், வாழ்த்துதல் சொல்லுகிறவர்களுள் பூதென்ஸ் என்னும் ரோமர் ஒருவர் இருக்கிறார். அவருடைய குமாரத்திகள் பிரசேதே, புதென்சியானா என்னும் இரு சகோதரிகள் என்றும், உபத்திரவக் காலத்தில் இரத்தசாட்சிகளின் உடல்களைத் தேடியெடுத்து அடக்கம் செய்தார்கள் என்றும் ரோமாபுரியின் பழைய மரபு சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதில் ஐயம் கொள்கிறார்கள். நாமும் பரிசுத்தவான்களை நோக்கி வேண்டுகிறவர்கள் அல்லர். ஆயினும் இரு சகோதரிகளின் பெயரால், நடந்து செல்லும் தூரத்தில், இரண்டு ஆலயங்கள் இருக்கின்றன என்று படித்தபோது, அவ்விரண்டையும் பார்க்க வேண்டும் என்று இருவருமே விரும்பினோம்.

பீடத்துக்கு மேலே, ஏறக்குறைய கி.பி. 400இல் பதிக்கப்பட்ட மொசைக் ஓவியம் இருக்கிறது. கிறிஸ்து சிங்காசனத்தில் வீற்றிருக்க, அப்போஸ்தலர்கள் ரோமர்களின் உடையில் சுற்றிலும் அமர்ந்திருக்கிறார்கள். அக்கா பள்ளி ஆசிரியை அல்லவா, தலைகளை எண்ணினாள். "பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரைக் காணோம்" என்றாள். உண்மைதான். பிற்காலத்தில் ஆலயத்தை மாற்றியமைத்தபோது, இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர் மறைந்துபோனார்கள்.

அந்த ஆலயம் இன்று ரோமாபுரியில் வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களின் ஆலயமாக விளங்குகிறது. ஆராதனை முடிந்து படிக்கட்டுகளில் கூட்டமாக நின்றவர்களில் ஒரு பெண், அக்காவின் புடவையைத் தொட்டுப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தாள். அவளுக்கும் அரைகுறை ஆங்கிலம், அக்காவுக்கும் ஆசிரியை ஆங்கிலம். நான் சுவரில் இருந்த குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அதுவும் என் குறையே.

மாலையில் சாந்தா பிரசேதே ஆலயத்துக்குச் சென்றோம். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பாஸ்கால் என்னும் போப் கட்டியது. அங்கும் பீடத்துக்கு மேலே பொன்னும் நீலமுமாக மொசைக் ஓவியம். நடுவில் கிறிஸ்து. இருபுறமும் பேதுருவும் பவுலும் நின்று, ஆளுக்கு ஒரு சகோதரியின் தோளில் கைபோட்டு, ஊருக்குப் புதிதாய் வந்த பிள்ளைகளை அழைத்து வருவதுபோல அவரிடம் அழைத்து வருகிறார்கள். அப்போஸ்தலர் ஒருவர் ஒரு பெண்ணின் தோளில் அவ்வளவு வாஞ்சையாய்க் கைபோட்டிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பக்கத்தில் ஒரு சிறிய சிற்றாலயம். உள்ளே விளக்கில்லை, பெட்டியில் நாணயம் போட்டால் சில நிமிடங்களுக்கு விளக்கு எரியும். அக்கா சுருக்குப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டாள். சுவர்கள் முழுவதும் பொன்னாய் ஒளிர்ந்தன. ஓரிடத்தில் நான்கு பெண்களின் உருவங்கள் வரிசையாக இருந்தன: கர்த்தரின் தாயாகிய மரியாள், அவருக்கு இருபுறமும் அந்த இரு சகோதரிகள், அவர்களோடு தியோதோரா என்னும் பெண்மணி. மற்ற மூவரின் தலையைச் சுற்றிலும் ஒளிவட்டம் வட்டமாக இருக்க, இவருக்கு மட்டும் சதுரமாக இருந்தது. கையில் வைத்திருந்த சிறு நூலைப் பார்த்து நான் விளக்கினேன். தியோதோரா, பாஸ்காலின் தாயார். தம் தாயாருக்காகவே அவர் இந்தச் சிற்றாலயத்தைக் கட்டினார். சதுர ஒளிவட்டம், அந்த நாளில் உயிரோடிருப்பவர்களுக்குப் போடும் அடையாளம்.

அக்கா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "உயிரோடு இருந்தபோதே செய்திருக்கிறார்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் குறித்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்தது என் வாயில் வந்தது. "நான் எங்கேயோ உல்லாசமாக இருக்கவில்லை, அக்கா. கர்த்தருடைய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்."

"அப்படியானால் நான் யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தேன்?" என்றாள்.

அந்நேரத்தில் விளக்கு அணைந்தது. இருவரிடமும் நாணயம் இருந்தது. யாரும் போடவில்லை. இருளில் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தோம். அன்றிரவு, குழந்தைப் பருவத்திலிருந்து சேர்ந்து செய்யும் படுக்கை ஜெபத்தைத் தனித்தனியே செய்தோம். அக்கா குறட்டை விடவில்லை. அவள் உறங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, நானும் உறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பேதுரு பேராலயத்துக்குப் போவதாக இருந்தது. தெர்மினியில் சுரங்க ரயிலைப் பிடிக்க வேண்டும். பெருங்கூட்டம். எனக்கு எப்போதுமே வேகநடை; அன்று மனத்தாங்கலும் சேர்ந்துகொள்ள, அக்காவைத் திரும்பிப் பாராமல் முன்னே நடந்தேன். ரயில் வந்தது, ஏறினேன், திரும்பினேன். எனக்கும் அவளுக்கும் நடுவே கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால், ஊக்குக் குத்திய செருப்போடு நடைமேடையில் நின்றுகொண்டிருந்த அக்காவின் முகம் பின்னால் நகர்ந்து மறைந்தது.

அவளுடைய கைப்பேசி அந்த ஊரில் வேலை செய்யவில்லை. என்னுடையதற்கு மட்டுமே புது எண் வாங்கியிருந்தோம். அந்த எண் அவளுக்குத் தெரியாது. தங்கும் இல்லத்தின் முகவரி எழுதிய தாள் என் பையில் இருந்தது. அடுத்த நிலையமான ரெபுப்ளிக்காவில் இறங்கி, எதிர்த் திசை ரயிலைப் பிடித்துத் தெர்மினிக்கு ஓடினேன். நடைமேடையில் அக்கா இல்லை. அந்த நிமிடத்தில் என் உள்ளம் பட்ட பாட்டை எழுத முடியவில்லை. பின்பு தெரிந்தது: நான் திரும்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவளும் என்னைத் தேடி அடுத்த ரயிலில் ரெபுப்ளிக்காவுக்குப் போயிருந்தாள். சுரங்கத்தின் இருளில் எங்கள் ரயில்கள் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. அவள் வந்திருப்பாளோ என்று நான் மறுபடியும் ரெபுப்ளிக்காவுக்குப் போனேன். அதற்குள் அவள் தெர்மினிக்குத் திரும்பிவிட்டாள்.

நாற்பது நிமிடங்கள் ஆயின. என் பிரசங்கங்களில் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைகள் ஒன்றும் ஜெபமாக வரவில்லை. "ஆண்டவரே, அக்கா" என்ற இரண்டு சொற்கள்தான் வந்தன. மூன்றாம் முறையாக ரயில் தெர்மினியில் நின்று கதவு திறந்தபோது, அவளைக் கண்டேன். எந்தக் கதவு மூடியதோ, அந்த இடத்துக்கு நேரே, தூணுக்கு அருகில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். மக்கள் இருபுறமும் ஆற்றுநீரைப்போல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் அசையவில்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஏட்டி, எத்தனை தடவை போனாய்?" என்று கேட்டாள். சொன்னேன். "நானும் ஒரு தடவை போனேன். பிறகு யோசித்தேன். ரெண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரைக்கும் ஓட வேண்டியதுதான். யாராவது ஒருத்தி நிற்க வேண்டும். உனக்கு நிற்க வராது. அதனால் நான் நின்றேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவதுபோலச் சொன்னாள். ஆனால் அந்த நடைமேடையில் எனக்கு ஆறு ஆண்டுகளும் விளங்கின. நான் ஊர் ஊராய்ப் போய் ஊழியம் செய்ய முடிந்தது, அம்மாவின் கட்டிலருகே ஒருத்தி நின்றதால் அல்லவா? மாதம் ஒருமுறை நான் திரும்பி வருவதற்கு ஒரு வீடும், அதில் விளக்கும், சுத்தமான படுக்கையில் சீவி முடித்த தலையோடு அம்மாவும் இருந்தது அவளால் அல்லவா? நான் போனவள் என்று பெயர் பெற்றேன். நின்றவளுக்கு ஒரு பெயரும் இல்லை.

நடைமேடையின் இருக்கையில் உட்கார்ந்து, அழைப்பை எடுக்காத அந்த இரவைப் பற்றி முதன்முறையாகப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பின்பு தன் உள்ளத்தில் இருந்ததைச் சொன்னாள். ஒரு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு, அம்மாவை ஒரு நாள் செவிலியிடம் ஒப்படைத்துவிட்டு, என் சபைக்கு வந்திருந்தாளாம். அன்று நான் மார்த்தாள், மரியாளைப் பற்றிப் பிரசங்கித்தேன். மார்த்தாள் வேலைகளில் சிக்கி நல்ல பங்கை இழந்தாள் என்று, நகைச்சுவையும் கலந்து பேசியிருக்கிறேன். சபை சிரித்தது. "அம்மாவுக்கு முதுகில் புண் வந்த வாரம் அது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்துதான் பேசினாய் என்று நினைத்தேன். பிறகுதான், நீ என்னைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொண்டேன்."

பிரியமானவர்களே, அந்தப் பிரசங்கத்துக்காக நான் மனம் வருந்துகிறேன். ஆண்டவர் மரியாளைப் பாராட்டியது உண்மை. ஆனால் யோவான் எழுதின சுவிசேஷத்தில், ஆண்டவர் அன்புகூர்ந்த பெத்தானியா குடும்பத்தைச் சொல்லுமிடத்தில், மார்த்தாளின் பெயரே முதலாவது வருகிறது. சகோதரன் மரித்த துக்கத்தில் எழுந்துபோய் அவரை முதலாவது சந்தித்தவளும், அவரே கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் மார்த்தாளே. இதையும் நான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா இன்னும் ஒன்று சொன்னாள். முந்தின நாள் ஆலயப் படிக்கட்டில் பேசிய அந்தப் பிலிப்பைன்ஸ் பெண், ரோமில் ஒரு வயதான அம்மையாரை வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறவளாம். அவளுடைய சொந்தத் தாயாரை ஊரில் அவளுடைய தங்கை பார்த்துக்கொள்கிறாளாம். "வேறொருத்தியின் அம்மாவுக்குத் தலை சீவும்போதெல்லாம் அழுகை வரும் என்று சொன்னாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நிற்கிறவளுக்குத்தான் வலி என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லத்தான் சாயங்காலம் காத்திருந்தேன். அதற்குள் அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது."

அன்று பேதுரு பேராலயத்தில் நீண்ட வரிசையில் நின்றோம். உள்ளே கண்ட மகிமைகளையெல்லாம் உங்களுக்குப் படங்களில் காட்டியிருக்கிறேன். அன்றிரவு அறையில் அக்கா என்னைத் தரையில் உட்காரவைத்து, அம்மா செய்ததுபோலவே எண்ணெய் தேய்த்துத் தலைவாரிப் பின்னிவிட்டதற்குப் படம் இல்லை. புறப்படுவதற்கு முந்தின மாலை மறுபடியும் சாந்தா பிரசேதே ஆலயத்துக்குப் போனோம். கையிலிருந்த நாணயங்கள் தீரும்வரை ஒவ்வொன்றாகப் போட்டு, அந்த நான்கு பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியது மீதமிருக்கவில்லை.

நம் சபையில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் போனவர்கள் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூர், வளைகுடா, அதற்கும் அப்பால். அவர்களுக்காக ஒவ்வொரு வாரமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம், அது நல்லது. ஆனால் அதே வீடுகளில் ஒருவர் நிற்கிறார். தகப்பனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர், தாய்க்குக் கஞ்சி ஊட்டுகிறவர், கலியாணத்துக்கும் கன்வென்ஷனுக்கும் வரமுடியாதவர். நம்முடைய ஜெபக்குறிப்பில் அவருடைய பெயர் இருக்கிறதா? போனவர்களே, உங்களை நான் குற்றப்படுத்தவில்லை. நானும் உங்களில் ஒருத்தி. இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது, "அம்மா எப்படியிருக்கிறார்கள்?" என்று கேட்பதற்கு முன், "நீ எப்படியிருக்கிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். நிற்கிறவர்களே, போனவர் மறந்துவிட்டார் என்று முடிவு செய்துவிடாதிருங்கள். அவர் எந்த ஊரில், யாருடைய கட்டிலருகே உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, நீங்கள் அறியீர்கள்.

என் அளவில் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். படுக்கையிலிருக்கும் பெரியவர்களைச் சந்திக்க வரும்போது, ஜெபித்துவிட்டு உடனே கிளம்புவதில்லை. பார்த்துக்கொள்கிறவர் கடைக்கோ, ஆலயத்துக்கோ, அல்லது வெறுமனே தெருமுனை வரைக்குமோ சென்று வரட்டும் என்று, இரண்டு மணி நேரம் கட்டிலருகே நான் இருக்கிறேன். எனக்கு நிற்க வராது என்று அக்கா சொன்னாள். கற்றுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டு வாசலில் நின்று காத்திருக்கிற அந்த ஒருவரைக் கர்த்தர் இந்த வாரம் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.